மரம் வச்சவன்

'மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான்' என்பதை எங்கள் பக்கத்தில் ஆறுதலாகத்தான் சொல்வார்கள். வேலை போனவர், வீட்டுக் கடன் கட்ட முடியாதவர், மகளுக்கு வரன் அமையாதவர் என்று யார் வந்து உட்கார்ந்து புலம்பினாலும் கடைசியில் இந்தப் பழமொழி வந்துவிடும். இதில் மரம் நாம், வைத்தவன் கடவுள். எல்லாம் அவன் பார்த்துக்கொள்வான். கேட்டவரும் தலையை ஆட்டிவிட்டு, மிச்சக் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்புவார்.

எனக்கு இதில் ஆறுதலைவிட வேறொன்று தெரிகிறது. மரத்தைப் பற்றி இந்தப் பழமொழி எதுவுமே சொல்லவில்லை. வைத்தவனைப் பற்றித்தான் பேசுகிறது. 'ஊத்துவான்' என்ற இடத்தில் 'ஊத்தியாகணும்' என்று போட்டுப் படித்துப் பாருங்கள். நம்பிக்கையாக இருந்தது கடமையாக மாறிவிடும். இப்படிப் படிக்க எனக்குச் சொல்லிக் கொடுத்தது வேதாந்தம் எதுவும் கிடையாது. ரெங்கத்தில் எங்கள் வீட்டு முன்னால், கார் நிறுத்தும் இடத்தின் ஓரமாக இருக்கும் நான்கு தொட்டி தாய்லாந்து பாசில்தான்.

தாய் பாசில் என்று எழுதினால் நம் ஆட்கள் அம்மா பாசில் என்று படிக்கிறார்கள். அதனால் நாட்டின் பெயரை முழுசாகவே எழுதிவிடுகிறேன். டோம்யாம் கடையில் இறைச்சிப் பிரட்டலுக்குள் கிடக்குமே, கடித்தால் சோம்பு வாசம் அடிக்குமே, அந்த இலை. தண்டும் பூவும் ஊதா. தாய்லாந்தில் ஹோரபா என்பார்கள். மலாய்க்காரர்களுக்குச் செலாசே. சீனர்கள் ஒன்பது அடுக்குக் கோபுரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், பூங்கொத்தைப் பார்த்தால் ஏன் என்று புரியும். தாவரவியல்படி இது நம் திருநீற்றுப்பச்சிலையின் இனமேதான், சப்ஜா விதை தருகிற அதே இனம். பூசைத் துளசி இதற்குப் பங்காளி முறை. அந்தத் துளசியைத் தாய்லாந்தில் கப்ராவ் என்று சொல்லிக் கோழியோடும் பன்றியோடும் வதக்குகிறார்கள் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். அதுவும் அம்மா கண்ணில் படாமல் எழுத வேண்டிய கட்டுரை.

தொட்டிச் செடி பற்றிய புத்தகங்கள் கோடையில் நடு, பனி விழுவதற்கு முன்னால் உள்ளே எடுத்து வை என்று சொல்லும். ரெங்கம் நிலநடுக்கோட்டிலிருந்து இரண்டு டிகிரி வடக்கே இருக்கிறது. வருடம் முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். கோடை என்பதை நாங்கள் தமிழ்ப்பள்ளிக் கட்டுரையில்தான் பார்த்தோம். சித்திரை வெயில் என்று எழுதி மதிப்பெண் வாங்கினோம். இங்கே இருப்பதெல்லாம் மழை விட்டுப்போகிற வாரங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு பிப்ரவரி, மார்ச்சில் கொஞ்சம், அப்புறம் ஜூனிலிருந்து ஆகஸ்டு வரை விட்டு விட்டு. எல் நினோ வருடம் என்றால் கேட்கவே வேண்டாம். அந்த வாரங்களைத்தான் நாங்கள் வெயில் காலம் என்கிறோம்.

பாசில் வெயிலுக்குப் பயப்படுகிற செடி இல்லை. மண்ணில் நட்டால் இந்த வெயிலில் நன்றாகவே நிற்கும். சாவது தொட்டியில்தான். ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது, தொழில் புத்தி, மன்னிக்கவும்.

25 சென்டிமீட்டர் வாய் உள்ள தொட்டியில் சுமார் 8 லிட்டர் மண் பிடிக்கும். கலவை நல்லதாக இருந்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது ஒன்றரை லிட்டருக்குச் சற்று அதிகம், செடி உறிஞ்சக்கூடிய தண்ணீர். புதராக வளர்ந்த பாசில் அரை மீட்டர் அகலத்துக்கு விரியும். நம் வெயிலில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த விரிவுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் ஆகிறது. ஆக, கையிருப்பு ஒன்றரை நாளைக்குத்தான் வரும். செம்பனை நாற்றங்காலில் இருந்து வந்து வீடு வீடாகப் பரவியிருக்கும் கருப்பு பாலிபேக் என்றால் சூடு பக்கவாட்டிலும் ஏறும், கணக்கு இன்னும் குறையும். மழை வந்தால் சரியாகிவிடும் என்று நினைக்க முடியாது. இலைகள் குடை மாதிரி விரிந்து தண்ணீரைத் தொட்டிக்கு வெளியே தள்ளிவிடும், உள்ளே விழுவது கொஞ்சம்தான். கூரைக்குக் கீழே இருக்கிற தொட்டிக்கு அதுவும் கிடையாது. அடைமழைக்கு மறுநாள் வாடி நிற்கும் தொட்டிச் செடியை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

தொட்டிக்கு மூன்றடி தள்ளி, வேலிக்கு அந்தப் பக்கம் கிடக்கும் மண்ணுக்கு எங்கள் ஊர்ப் பெயர். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மலேசிய மண் வகைப்பாட்டில் 'ரெங்கம் தொடர்' என்றே ஒன்று உண்டு. கிரானைட் பாறை சிதைந்து உண்டான மண். மஞ்சள் கலந்த பழுப்பு நிறம், கையில் எடுத்தால் பரபரவென்று மணல் கலந்த களி. ஆழமானது, தண்ணீர் தேங்காது, அமிலம் கூடுதல், சத்துக் குறைவு. சிலாங்கூரில் கிடந்தாலும் பகாங்கில் கிடந்தாலும் அந்த வகை மண்ணுக்கு ரெங்கம் என்றுதான் பெயர். பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு மண் வரைபடத்தில் இதைப் பார்த்தபோது பக்கத்தில் இருந்தவனைத் தட்டிக் காட்டினேன். "உங்க ஊரு பேமஸ்தான்டா" என்றான்.

ஏழை மண்தான். ஆனாலும் அதில் வேர் ஒரு மீட்டருக்கும் கீழே இறங்கலாம், பக்கத்தில் ஓடலாம், மேல்மண் காய்ந்தால் அடியில் தேடலாம். மண்ணில் நிற்கிற செடிக்கு ஏதோ ஒரு வழி இருக்கிறது. தொட்டிக்குள் அந்த வழியை அடைத்தது வெயில் அல்ல. வைத்தவன். என் தொட்டிகளைப் பொறுத்தவரை நான்.

அதனால்தான் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதைக் கருணை என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அது கடன். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கொடி பறம்பு மலையில் தானாக முளைத்தது. அது பற்றிப் படரக் கொம்பில்லாமல் தவித்ததற்குப் பாரி எந்த வகையிலும் காரணமில்லை. அவன் அப்படியே தாண்டிப் போயிருந்தாலும் யாரும் குற்றம் சொல்ல முடியாது. அதனால்தான் அது கொடை. அதே முல்லையைப் பாரி தன் அரண்மனை வாசலில் ஒரு சட்டியில் வைத்திருந்தால், அவன் நட்டுக் கொடுத்த கொம்பைப் பற்றி எந்தப் புலவரும் பாடியிருக்க மாட்டார். பாடவும் கூடாது.

'குட்டி இளவரசன்' கதையில் ஒரு நரி வரும். நாம் யாரைப் பழக்கப்படுத்திக்கொண்டோமோ அவர்களுக்கு நாம் பொறுப்பு என்கிற மாதிரி ஒரு பாடத்தை அது இளவரசனுக்குச் சொல்லிக்கொடுக்கும். பலருக்கும் பிடித்த இடம். எனக்கும் பிடிக்கும், ஆனால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அதில் பொறுப்பு பாசத்திலிருந்து முளைக்கிறது. பாசம் தீர்ந்தால்? பசார் மாலாமில் 5 வெள்ளிக்கு வாங்கிய செடி மேல் ஆசை மூன்று வாரம் இருக்கும். நான்காவது வாரம் வெயில் கூடும், ஆசை குறையும். கடன் மட்டும் அப்படியே நிற்கும். ராபர்ட் குடின் என்ற தத்துவவாதி 1985ல் எழுதிய புத்தகத்தில் பாசத்தை விட்டுவிட்டு வேறு பக்கம் போகிறார். ஒருவருடைய நலன் நம் செயலைச் சார்ந்திருக்கிறது என்றாலே நமக்குப் பொறுப்பு வந்துவிடுகிறது, அந்த நிலைக்கு யார் காரணம் என்பது பெரிதில்லை என்பது அவர் கட்சி. நரியைவிட இவர் எனக்கு நெருக்கம். ஆனால் யார் காரணம் என்பதை இவ்வளவு லேசாகத் தள்ளிவிட முடியுமா? பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போன வாரம் அவர் தொட்டிக்கு நான் தண்ணீர் ஊற்றினால் அவர் திரும்பி வந்து நன்றி சொல்வார். என் தொட்டிக்கு ஊற்றியதற்கு யாரும் நன்றி சொல்ல வேண்டியதில்லை. இரண்டு செடிக்கும் தாகம் ஒன்றுதான். வித்தியாசம் வைத்தவனிடம் இருக்கிறது.

செடிக்கு வலிக்குமா, அதற்கு என்ன கடன் என்று கேட்கிறவர்கள் உண்டு. தொல்காப்பியம் புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிர் என்று வைத்திருக்கிறது, தொடு உணர்வு மட்டும். பகல் இரண்டு மணிக்குப் பாசில் இலை தொங்கிப்போவதும், மாலையில் தானாக நிமிர்வதும் செல்லுக்குள் இருக்கும் நீரின் அழுத்தம் ஏறி இறங்குவதுதான், அழுகை இல்லை. இதெல்லாம் தெரிந்தேதான் சொல்கிறேன். ஒன்றுக்கு நல்லது கெட்டது என்று இருந்தால் போதும், அதை அது உணர வேண்டும் என்றுகூட இல்லை. தண்ணீர் இருந்தால் தழைக்கிறது, இல்லாவிட்டால் சாகிறது. கடன் பட இதற்கு மேல் என்ன வேண்டும்?

கடன் என்று பார்ப்பதில் ஒரு வசதியும் இருக்கிறது. கருணை நேரில் வர வேண்டும். கடனை யார் கையில் கொடுத்தனுப்பினாலும் அடையும். வேலை நாட்களில் நான் செனாயில் வாடகை அறையில் இருக்கிறேன், வெள்ளி இரவுதான் வீடு. அம்மாவுக்கு முட்டி வலி. அதனால் ஒவ்வொரு தொட்டிக்கும் பக்கத்தில் சற்று உயரமாக ஒரு 5 லிட்டர் தண்ணீர்ப் போத்தல், அதன் அடிவரைக்கும் ஒரு பருத்திக் கயிறு, கயிற்றின் மறுமுனை தொட்டி மண்ணுக்குள். விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற அதே வேலை. நாளைக்கு ஒரு லிட்டர் என்றால் திங்களிலிருந்து வெள்ளி வரை கணக்கு சரி. போத்தலில் நீர்மட்டம் இறங்க இறங்கத் திரி இழுப்பது மெதுவாகும், அதனால் புதன்கிழமை அம்மா ஒருதடவை நிரப்பிவிடுவார். பருத்தி இரண்டு மாதத்தில் மக்கிவிடும், மாற்ற வேண்டும். போத்தல் வாயை டேப் போட்டு அடைத்தாக வேண்டும். ஏடிஸ் கொசு முட்டையிட்டால் சுகாதாரத் துறை அபராதம் ஒரு பக்கம், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு டெங்கி வந்தால் அது செடிக்குப் பட்ட கடனைவிடப் பெரிய கடன்.

"என்னதான் இருந்தாலும் கையால ஊத்துற மாதிரி வருமா, அதுல ஒரு அன்பு இருக்குல்ல" என்றார் ஒரு மாமா. செடிக்கு அன்பு தெரியாது மாமா, தண்ணி தெரியும்.

குழாயில் தண்ணீரே வராத நாளும் உண்டு. 2019ல் பக்கத்துச் சிம்பாங் ரெங்கத்தில் ஆற்று நீரில் அம்மோனியா கூடிப்போய்ச் சுத்திகரிப்பு நிலையத்தை மூடினார்கள். சனங்கள் வாளியும் தோம்புமாகத் தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றார்கள். அந்த மாதிரி நாளில் யாருக்கு முதல் தண்ணீர் என்பதில் சந்தேகமே இல்லை, மனுசருக்குத்தான். அரிசி கழுவின தண்ணீர் செடிக்கு. வரிசையில் பின்னால் நிற்கிறது என்பதால் கடன் இல்லை என்று ஆகிவிடாது.

இவ்வளவையும் செடியோடு நிறுத்திக்கொண்டிருப்பேன். பாட்டி ஒன்று சொல்லிக்கொண்டே இருப்பார், அதுதான் விடவில்லை. "தோட்டத்துல எல்லாம் குடுத்தாங்கய்யா. வீடு குடுத்தாங்க, தண்ணி குடுத்தாங்க, காச்சல்னா மருந்து குடுத்தாங்க. வெள்ளக்கார தொர நல்லவரு."

ரெங்கத்தைச் சுற்றி அப்போது பால்மரத் தோட்டங்கள், பிறகு செம்பனை. லயத்து வீடு தோட்டத்துடையது, குழாய் தோட்டத்துடையது, ஆயாக்கொட்டகை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கள்ளுக்கடை எல்லாம் தோட்டத்துடையவை. விடியற்காலைப் பெரட்டில் தொடங்கி எல்லாமே அளந்து கிடைத்தது. கடல் தாண்டிக் கொண்டுவந்து, டவுனுக்கு எட்டாத காட்டுக்குள், ஒரு முழ மண்ணும் சொந்தமில்லாமல் வைத்த பிறகு, தண்ணீர் கொடுத்ததை எப்படிக் கொடை என்று சொல்வது? பாட்டியின் நன்றிதான் எனக்கு உறுத்துகிறது. முதலாளி கெட்டவரா நல்லவரா என்பது இங்கே கேள்வியே இல்லை. நல்லவராகவே இருக்கட்டும். நல்ல மனசோடு கடனைக் கட்டினார், அவ்வளவுதான்.

நம் சட்டம் இதை ஒரு அளவுக்கு ஒத்துக்கொள்கிறது. 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீடமைப்பு, வசதிகளுக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம், சட்டம் 446 என்பார்கள், தொழிலாளியைத் தன் இடத்தில் குடிவைக்கிற முதலாளி இலவசமாகப் போதிய குழாய்த் தண்ணீர் தர வேண்டும் என்கிறது. 'மரம் வச்சவன்' பழமொழியைச் சட்ட மொழியில் எழுதினால் ஏறக்குறைய இப்படித்தான் வரும். ஆனால் அந்தக் கடமை வேலை இருக்கும் வரைக்கும்தான். வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நாற்பது வருடம் தொட்டியில் இருந்த செடியைப் பிடுங்கி வெளியே வைத்து, இனி நீயே தேடிக்கொள் என்றால் வேர் எங்கே போய்த் தேடும்?

இன்னொரு சிக்கல், வைத்தவனே மாறிப்போவது. 1981 செப்டம்பரில் லண்டன் பங்குச் சந்தையில் ஒரு காலை நேரத்தில் கத்ரி நிறுவனம் மலேசியர் கைக்கு வந்தது. நாட்டுக்குப் பெருமையான நாள்தான், எனக்கும் அதில் பெருமை உண்டு. தோட்டங்கள் கைமாறும்போது பத்திரத்தில் ஏக்கர் இருக்கும், மர எண்ணிக்கை இருக்கும். அறுபது வருடத்துக்கு முன்னால் ஒருவன் பட்ட கடனும் அதில் சேர்த்தியா? சேர்த்தி என்றுதான் நினைக்கிறேன். பழைய சாமான் கடையில் செடியோடு தொட்டி வாங்கினால் அன்று சாயங்காலம் தண்ணீர் ஊற்ற வேண்டியது வாங்கியவன்தான். நான் வைக்கவில்லை, முந்தையவன் வைத்தான் என்று செடியிடம் ரசீதைக் காட்ட முடியாது.

மனிதர்களைச் செடியோடு சேர்த்துப் பேசுகிறானே என்று கோபம் வரலாம். வரட்டும், நியாயமான கோபம்தான். ஒப்பீடு ஓர் இடத்துக்கு மேல் தாங்காது. 1960ல் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டத் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் சேர்த்தார். துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த தோட்டங்களில் சிலவற்றைச் சங்கத்தின் பெயரில் வாங்க முடிந்தது. எந்தச் செடியும் காசு சேர்த்து மண் வாங்கியதில்லை. ஆனால் அந்தப் பத்து வெள்ளியை நினைத்தால் எனக்குப் பெருமையோடு இன்னொன்றும் தோன்றும். கடன் பட்டவன் கட்ட வேண்டியதையும் கடன் கொடுத்தவர்களே தங்கள் சம்பளத்திலிருந்து கட்டினார்கள்.

பாசிலுக்கு வருகிறேன். தண்ணீர் விஷயத்தில் எனக்குத் தெளிவு இருக்கிறது. நான் அடைத்தது வேரின் வழியை. ஆகவே வேர் தேடிக் கொண்டுவந்திருக்கக்கூடிய தண்ணீர், சத்து, இடம் மூன்றும் என் கணக்கு. வேர் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வளைய ஆரம்பித்தால் பெரிய தொட்டிக்கு மாற்றுவதும் அதில் அடக்கம். தெளிவில்லாத இடம் பூ. பாசிலில் இலை வேண்டுமென்றால் பூவைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கணுவுக்கு மேலே கிள்ளினால் இரண்டு பக்கத்திலும் இரண்டு கிளை வரும், செடி அடர்த்தியாகும். விட்டால் பூத்து, விதைத்து, இலை சிறுத்து, தண்டு கட்டையாகி முடிந்துவிடும். நான் கிள்ளுவதால் அதன் ஆயுள் நீள்கிறது என்பதும் உண்மை, அது எதற்காக வாழ்கிறதோ அதை மட்டும் செய்யவிடாமல் வைத்திருக்கிறேன் என்பதும் உண்மை. இதைத் தண்ணீரால் ஈடுகட்ட முடியாது. நான்கில் ஒரு தொட்டியைப் பூக்க விட்டிருக்கிறேன். கெலுலுட் தேனீ வருகிறது. மற்ற மூன்றுக்கும் அது பதிலாகாது, தெரியும். டோம்யாம் வேண்டும் எனக்கு.

பூக்க விட்ட தொட்டிதான் வெயில் ஓரமாக மண்தரையில் இருந்தது. போன ஜூலையில் நகர்த்தப் பார்த்தபோது வரவில்லை. அடியில் இருந்த துளை வழியாக வேர் இறங்கி ரெங்கம் மண்ணுக்குள் போயிருந்தது. அந்த வாரங்களில் மற்ற மூன்றும் மதியத்தில் தொங்கும், இது தொங்கவில்லை, போத்தலில் தண்ணீரும் குறையவில்லை. இழுத்தால் வேர் அறும். அப்படியே விட்டுவிட்டேன். கார் நிறுத்தக் கொஞ்சம் இடைஞ்சல்தான்.

யாராவது கன்று கேட்டால் கிள்ளிய தண்டை ஈரப் பத்திரிகையில் சுற்றிக் கொடுப்பேன். ஒரு டம்ளர் தண்ணீரில் வைத்தால் ஒரு வாரம், பத்து நாளில் வேர் விடும். கொடுக்கும்போது மண்ணிலா தொட்டியிலா, காலையில் யார் வீட்டில் இருப்பார்கள், ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள் என்று கேட்பது பழக்கமாகிவிட்டது. போன வாரம் எதிர் வீட்டு ஆன்ட்டி சிரித்துவிட்டார். "என்ன தம்பி, பொண்ணு குடுக்குற மாதிரி கேக்குற?"

தொட்டியில்தான் வைப்பாராம், வீட்டைச் சுற்றி சிமெண்டு போட்டுவிட்டார்கள். இரண்டு தண்டோடு ஒரு 5 லிட்டர் போத்தலும் ஒரு முழம் கயிறும் சேர்த்துக் கொடுத்தேன்.